கடிதம் எழுதாதவர்கள்

அமெரிக்க நோயெதிர்ப்பியலாளர்கள் சங்கம் ஆய்வு விருதுகளோடு, நல்ல வழிகாட்டிக்கென்றும் தனியாக ஒரு விருது தருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் இப்படி ஒரு விருதுக்குச் சாட்சி சொல்ல வருபவர்கள் யார்? பெரும்பாலும் அவரிடம் படித்துத் தேறியவர்கள். பாதியில் ஆய்வகத்தை விட்டுப் போனவரிடம் கடிதம் கேட்பது அபூர்வம்.

இந்தத் துறைக்காரர்களுக்குத் தெரியாத கணக்கா? தைமஸ் சுரப்பியில் வளரும் டி செல்களில் சுமார் 95 சதவீதம் அங்கேயே செத்துப்போகும். அதில் பெரும்பாலானவற்றை யாரும் கொல்வதில்லை. பிழைத்திரு என்கிற சமிக்ஞை கிடைக்காமலே போய்விடுகின்றன. அதற்குப் பெயரே ‘புறக்கணிப்பால் சாவு’. செல்லுக்குச் சரி. ஐந்து வருஷம் உழைத்த மாணவிக்கு? வழிகாட்டி திட்டியே இருக்க மாட்டார். மெயிலுக்குப் பதில் போட்டிருக்க மாட்டார், அவ்வளவுதான்.

விருதுக் குழு விட்டுப்போனவர்களில் இரண்டு பேரிடமாவது பேசட்டும். அவர்களும் அவரை நல்லவர் என்றால் நான் கைதட்டுவேன்.