நாலடிப் பல்கனியும் நிலம்தான்

கொழும்பில் எங்களுக்கு ஏது நிலம்? வெள்ளவத்தை முதல் பம்பலப்பிட்டி வரை, காலி வீதியின் இரு பக்கமும் இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழ் வீடு இல்லை. கோப்பாயிலும் நீர்வேலியிலும் செம்மண் தோட்டத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் நின்று கேட்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். கிழங்கு கடையில் இருக்கும், விலை ஏறினால் புலம்பலாம் என்று பழகிவிட்டது.

தம்பி, தங்கச்சி, அந்தப் புலம்பலை இன்றோடு விடுங்கள்!

2022ஐ மறந்துவிட்டீர்களா? ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதற்கு முந்தைய வருடம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, சில மாதங்களில் தடையைத் தளர்த்தியிருந்தார்கள். அதற்குள் வயலும் தோட்டமும் அடிவாங்கிவிட்டன. கடைசியில் அரசாங்கமே தன் ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுத்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்றது. அன்று எரிவாயு வரிசையில் நின்றபோது எத்தனை பேர் மனதுக்குள் சபதம் எடுத்தோம்! வரிசை கலைந்தது, சபதமும் கலைந்தது. பல்கனியில் உடுப்புக் காயும் கொடி மட்டும் மிஞ்சியது.

நிலம் வேண்டும் என்று யார் சொன்னது? வெறும் பசளைப் பை ஒன்று போதும். அரிசிப் பை, பெயின்ட் வாளி, உடைந்த பிளாஸ்ரிக் கூடை, எதுவும் போதும். சோவியத் உதவி நின்றுபோன 1990களில் ஹவானா நகரத்து மக்கள் வெறும் தரைகளிலும் கூரைகளிலும் கிடைத்த பாத்திரங்களிலும் மரக்கறி நட்டுப் பசியைத் தாண்டினார்கள். அவர்களுக்கு மட்டும் ஆகாயத்திலிருந்தா மண் விழுந்தது?

ஆனால் உண்மையைச் சொல்லாமல் உற்சாகப்படுத்துகிறவனை நம்பாதீர்கள். பையில் உருளைக்கிழங்கு வளர்க்கும் வித்தை பல நாடுகளில் உண்டு. முளைவிட்ட விதைக்கிழங்கைப் பையின் அடியில் அரையடி மண்ணில் வைத்து, செடி உயர உயர மண் அணைத்து, மடித்த பையை மேலே விரித்துக்கொண்டே போவார்கள். புதைந்த தண்டிலிருந்து கிளம்பும் வெள்ளை ஓடுதண்டுகளின் நுனியில் கிழங்கு பருக்கும். நுவரெலியாக் குளிரிலும் வெலிமடைக் குளிரிலும் அது பருக்கும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் கார்த்திகை வாக்கில் நட்டு, பனிக்காலத்தில் வளர்த்து, மாசியளவில் கிண்டுவார்கள்.

பம்பலப்பிட்டியில் அப்படி நடக்காது. உங்கள் கையில் குறை இல்லை, இங்கத்தைய இரவுதான் காரணம். இரவு வெப்பம் 20 பாகையை ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால்தான் உருளை நன்றாகக் கிழங்கு வைக்கும். கடலோரக் கொழும்பிலோ இரவிலும் புழுக்கம். பகலில் இலை சேர்த்ததை இரவு வெக்கையில் செடியே செலவழித்துவிடும். மேலே பச்சைப் பசேலென்று நிற்கும். கிண்டினால் மாபிள் அளவில் இரண்டு கிடைக்கும்.

இதைக் கேட்டு "அப்ப ஏலாது" என்று உட்காருகிறவர் அங்கேயே தோற்றுவிட்டார். உருளை ஏலாவிட்டால் வற்றாளை ஏலும்! உருளையைத் தோற்கடிக்கிற அதே வெக்கையை வற்றாளை கொண்டாடும். நமக்கு எது முடியாது என்று தெரிந்துகொண்டு, முடிந்ததில் முழு மூச்சோடு இறங்குகிறவரை எந்த ஊரும் பட்டினி போடாது.

பையின் அடியிலும் பக்கங்களிலும் விரல் நுழையும் துளைகள் போடுங்கள். மண், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றையும் கலந்து முக்கால் பை நிரப்புங்கள். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான கொடித் துண்டில் இரண்டு, மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடுங்கள். பைக்கு இரண்டு துண்டு போதும்; ஆசைப்பட்டு ஆறு நட்டால் வேர்தான் மிஞ்சும். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள், கொடி கொழுக்கும், கிழங்கு வைக்காது. தினமும் ஐந்தாறு மணித்தியால வெயில் வேண்டும். மண் வெடித்துக் கிழங்கு வெளியே தெரிந்தால் உடனே மூடுங்கள், அந்த வெடிப்பால்தான் மூக்கு வண்டு இறங்கும். நாலு மாதத்தில் பையைக் கவிழ்க்கலாம். அதற்குள் இளம் இலையைப் பறித்து, தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டி எத்தனை நேரம் சோறு சாப்பிட்டிருப்பீர்கள்!

கடல் பார்த்த பல்கனி என்றால் சோழகம் அடிக்கும் மாதங்களில் உப்பு வந்து படியும், இலை ஓரம் கருகும். மாலையில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள். பைக்குக் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேங்க விடவே வேண்டாம். கொழும்பில் டெங்கு எத்தனை வீட்டில் பிள்ளைகளைக் கொண்டுபோயிருக்கிறது! ஒரு கிழங்குக்காக நுளம்பு வளர்க்க எங்களுக்கு உரிமை இல்லை. நனைந்த பையின் பாரம் பெரிது, சுவரோரமாக வையுங்கள்.

பக்கத்தில் கம்பி அளி இருந்தால் இராசவள்ளியையும் ஏற்றுங்கள். சித்திரை, வைகாசியில் தோலோடு ஒரு துண்டு நட்டால் தைப்பொங்கலை ஒட்டி ஊதா நிறத்தில் கிண்டி எடுக்கலாம். அம்மம்மா காய்ச்சிய இராசவள்ளிக் கஞ்சியின் மணம் உங்கள் தொடர்மாடிப் படிக்கட்டில் இறங்கட்டும்.

எங்களுக்கு இது புதிதும் அல்ல. 1970களில் இறக்குமதி இறுகியபோது யாழ்ப்பாணத் தோட்டங்கள் வெங்காயத்தாலும் மிளகாயாலும் உருளையாலும் நிமிர்ந்தன. விசுவமடு, முத்தையன்கட்டு என்று படித்த வாலிபர் திட்டங்களுக்குப் போன இளைஞர்கள் காட்டை வெட்டி மிளகாய் நட்டார்கள். அவர்களும் பள்ளிக்கூடம் போனவர்கள்தான். மண்ணைத் தொட்டால் மரியாதை குறையும் என்று அவர்கள் வீட்டிலேயே இருந்துவிடவில்லை. 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டு விலை விழுந்தது அவர்களுடைய தோல்வி அல்ல. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நாங்கள் ஒரு பை மண்ணுக்குப் பயப்படுவதா? நகத்தில் மண் ஒட்டினால் அலுவலகத்தில் யாரும் வேலையை விட்டுத் தூக்கப்போவதில்லை.

நாளைக்கே வெள்ளவத்தைச் சந்தைக்குப் போங்கள். முளை எட்டிப் பார்க்கும் வற்றாளங்கிழங்கு ஒன்றைத் தேடி வாங்கி, ஈரமண்ணில் பாதி புதைத்து வையுங்கள். நாலைந்து கிழமையில் நடுகொடி தயாராகிவிடும். அதில் பாதியை நட்டுவிட்டு, மீதியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.