உதட்டுக்குப் பொருந்திய சொல்

கோடம்பாக்கத்தில் டப்பிங் வசனம் எழுதுபவனுக்கு முதல் விதி உதடு. திரையில் உதடு மூடினால் தமிழிலும் அங்கே ஒரு பகரமோ மகரமோ விழவேண்டும். போன மாதம் ஓர் ஆங்கிலப் படம். ஆபீஸில் யாரும் முகம்கொடுத்துப் பேசாத ஒருவன், க்ளோசப்பில் நண்பனிடம் சொல்கிறான்: 'ஐயாம் எ பரையா ஹியர்.'

அந்த உதட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் தமிழ்ச்சொல் ஒன்று உண்டு. அதைத்தான் எழுத முடியாது. காரணம், அந்த ஆங்கிலச் சொல்லே நம் ஊர்ச் சொல்தான்.

பறை என்ற இசைக்கருவியிலிருந்து வந்த சாதிப்பெயர் அது என்பதே பரவலான விளக்கம். 17ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குப் போனது. அப்புறம் தெருநாய் 'பரையா டாக்' ஆனது, பருந்து 'பரையா கைட்' ஆனது. இன்று உலகம் தள்ளிவைத்த நாடு 'பரையா ஸ்டேட்'.

"அவங்களுக்கு இதெல்லாம் தெரியாதுண்ணே, விடுங்க" என்றான் ரெக்கார்டிங் தம்பி. சரி, தெரியாமல் சொல்பவனை மன்னித்துவிடலாம். எனக்குத் தெரியுமே?

சொல்லே குற்றவாளி என்றும் சொல்லிவிட முடியாது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் தொடங்கிய பத்திரிகைக்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எதைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ, அதையே முகப்பில் அச்சடித்து உரிமை கேட்டார். 1922இல் சென்னை மாகாண அரசு 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை ஏற்றதும் அந்த மக்கள் கேட்டுப் பெற்றதுதான். தன் பெயரைத் தானே சொல்வது வேறு. அடுத்தவன் அதைத் தன் சோகத்துக்கு உவமையாக எடுத்துக்கொள்வது வேறு.

யோசிக்க யோசிக்க இன்னொன்றும் உறுத்தியது. அந்த ஆங்கில வழக்கில் ஒதுக்கப்பட்டவன் மட்டும்தான் இருக்கிறான். ஒதுக்கியவர்களைக் காணோம். ஒதுக்கப்படுவது ஏதோ அவனுடைய பிறவிக்குணம் மாதிரி ஆகிவிடுகிறது. சாதியும் இத்தனை காலமாகச் சொல்லிவந்தது இதைத்தானே? 'தீண்டத்தகாதவன்' என்ற சொல்லிலும் தீண்ட மறுத்தவன் இல்லை.

கடைசியில் இப்படி எழுதினேன்: "எல்லாரும் சேந்து என்ன ஒதுக்கி வெச்சுட்டாங்கடா."

உதடு பொருந்தவில்லை. வசனம் முடிவதற்குள் அவன் வாயை மூடிவிடுகிறான். தம்பி இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "இருக்கட்டும்டா" என்றேன். இந்த வாக்கியத்திலாவது அந்த 'எல்லாரும்' இருக்கிறார்கள்.