சீலோவாம் கோபுரமும் குரங்கணிச் சரிவும்

தமிழ்க் கிறிஸ்தவரின் அன்றாடப் பேச்சில் ‘ஆசீர்வாதம்’ என்னும் ஒரே சொல், வேதநூல் பிரித்தே வழங்கும் இரண்டு கருத்துகளைச் சேர்த்துச் சுமக்கிறது. எபிரேயத்தில் ‘பாரக்’ என்பது கடவுளோ மூத்தோரோ ஒருவருக்கு நன்மை வாய்க்கும்படி ஆசி அளித்தலைக் குறிக்க, ‘அஷ்ரே’ என்பது ஒருவர் ஏற்கெனவே நிற்கும் நற்பேற்று நிலையைக் கண்டு அறிவிக்கும் சொல்லாகும். முதலாம் சங்கீதம் பின்னதைக் கொண்டே தொடங்குகிறது. கிரேக்கத்தில் இவற்றுக்கு இணையாக வருபவை ‘யூலோகேயோ’, ‘மக்காரியோஸ்’ என்பன. மத்தேயு 5ஆம் அதிகாரத்து மலைப்பொழிவில் எளிய மனத்தோரையும் துயருறுவோரையும் குறித்து இயேசு ஆள்வது இரண்டாம் சொல்லே. இதைப் புராட்டஸ்டண்டுத் திருப்புதல் ‘பாக்கியவான்கள்’ என்றும், 1995இல் வெளிவந்த ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பு ‘பேறுபெற்றோர்’ என்றும் தருகின்றன. பாக்கியத்தில் ஊழின் வாடை உண்டு; பெறுதலை வேராகக் கொண்ட பேறு அதனினும் பொருத்தமானது. ஆயினும் அதையும் கேட்டவுடன் தமிழ் மனம் மணமக்களுக்கு வாழ்த்தப்படும் பதினாறு பேறுகளை நோக்கியே ஓடுகிறது. அந்தப் பதினாறில் வறுமைக்கும் கண்ணீருக்கும் இடமில்லை.

ஏலம் ஏலத்துக்கு வரும் போடிநாயக்கனூரில், நற்பேற்றைச் செல்வமாகவே எண்ணும் இந்த மயக்கத்தை எளிதில் காணலாம். 2019 ஆகஸ்டில், மலைக்கு அப்பால் புற்றடியில் நடந்த ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. மூன்றாண்டுகளுக்குள் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. விலையேற்றம் ஆசீர்வாதமென்றால், இறக்கம் கடவுள் கைவிட்டதற்கு அடையாளமா என்ற கேள்வியிலிருந்து செழிப்புப் போதனை, அதாவது செல்வத்தை விசுவாசத்தின் பலனாகக் காட்டும் போதனை, தப்ப முடியாது. பச்சைக்காய் ஏறத்தாழ ஐந்து கிலோ உலர்ந்தால்தான் ஒரு கிலோ ஏலம் தேறும். விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள், செடியின் தூரருகே குந்தி, தரையோடு படரும் சரங்களை விலக்கி, முற்றிய காய்களை மட்டும் கிள்ளி, இளங்காயை அடுத்த எடுப்புக்கு விட்டு வைக்கிறார்கள். ஏல அறையின் விலை அவர்களுடைய நாட்கூலியாக அப்படியே இறங்கி வருவதில்லை. லூக்கா நற்செய்தி பேறுபெற்றோர் என அழைப்பது மத்தேயு கூறும் ‘எளிய மனத்தோரை’ அல்ல, நேரடியாக ஏழைகளை. செல்வர்மீது ‘ஐயோ’ என்ற இரங்கலையும் அது உடன் சேர்க்கிறது. வறுமை நல்லது என்பது இதன் பொருளன்று. மத்தேயுவின் எட்டு மொழிகளில் முதலாவதும் எட்டாவதும் விண்ணரசு அவர்களுடையது என நிகழ்காலத்திலும், இடைப்பட்ட ஆறும் ஆறுதலும் நிறைவும் இரக்கமும் கிடைக்கும் என எதிர்காலத்திலும் பேசுவதால், பேறு என்பது இப்போதே தொடங்கி இன்னும் முடிவுறாத ஓர் உறவாகிறது.

இதைவிடக் கடினமான வினாவை எழுப்பியது போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காய்ந்த புல்லில் பரவிய காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய நிகழ்வுகளுக்குப் பின், தப்பியவரைக் கர்த்தர் ஆசீர்வதித்துக் காத்தார் என்று சாட்சி கூறுவது கிறிஸ்தவர்களிடையே வழக்கம். அந்தச் சாட்சி, கூறுபவர் நினையாமலேயே, இறந்தவரை ஆசியற்றவராக்கிவிடுகிறது. லூக்கா 13ஆம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் சரிந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தியை எடுத்துக்கொள்ளும் இயேசு, அவர்கள் எருசலேமின் மற்றக் குடிகளைவிடக் குற்றவாளிகள் என்ற கணக்கை மறுத்து, மனமாற்றத்துக்கான அழைப்பை உயிரோடிருப்போர் பக்கம் திருப்பிவிடுகிறார். தப்பியதற்கு நன்றி கூறுவதில் பிழையில்லை; தப்பியதைத் தகுதிச் சான்றாக்குவதே பிழை. அன்று ஊர்மக்களும் வனத்துறையினரும் தீயணைப்பு வீரர்களும் சரிவில் ஏறி, காயமுற்றோரைப் போர்வையில் கிடத்தித் தூக்கி இறக்கினர். இரக்கமுள்ளோரைப் பற்றிய ஐந்தாம் மொழியை விளக்க முற்படும் போதகர் அந்தப் போர்வையைத் தாண்டி வேறு உவமை தேட வேண்டியதில்லை; தூக்கியவர் எந்தச் சமயத்தவர் என்று மத்தேயுவின் மொழி கேட்பதுமில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் வாசக வட்டத்தில் சீலோவாம் பகுதி மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று வாசிக்கப்படுகிறது. குரங்கணியில் தீ மூண்ட நாள் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு.