டைல்ஸ் ஒட்டும் முன் ஒரு கட்டக் காகிதம்

காஞ்சிபுரத்தில் புட்டா, மயில், கோபுரம் எதுவானாலும் தறிக்குப் போகும் முன் கட்டக் காகிதத்தில் ஏறிவிடும். எந்தக் கட்டத்தில் எந்த இழை மேலே வரும் என்பது அங்கேயே முடிவாகிவிடும். குளியலறை டைல்ஸுக்கும் இந்த வழக்கம் நன்றாகப் பொருந்தும். கடையில் டிசைனைத் தேர்வு செய்துவிட்டு, அடுக்கும் முறையைக் கொத்தனாரிடம் விட்டுவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நெசவாளர் தெருக்களின் ஒடுங்கிய, நீண்ட மனைகளில் குளியலறைக்கு மிஞ்சுவது சிறிய இடம். நாலரை அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஓரத்திலிருந்து ஓரடி டைல்ஸ் ஒட்டினால் நான்கு முழுசும் ஒரு அரையும் வரும். அறையின் நடுக்கோட்டில் ஜாயிண்ட் வைத்தால் இருபுறமும் மூன்று அங்குலத் துண்டுகள் மிஞ்சி அசிங்கமாகும். நடுக்கோட்டில் ஒரு டைல்ஸின் மையத்தை வைத்தால் மூன்று முழுசு, இரு ஓரத்திலும் ஒன்பது அங்குலம். மூன்று வழியிலும் வரிசைக்கு ஐந்து டைல்ஸ்தான். பார்வைக்கு மூன்றாவதே சிறந்தது.

தரையில் அழகை விட வாட்டம் முக்கியம். அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுத்தால் தண்ணீர் தேங்காது. ஓரடி டைல்ஸ் அந்தச் சரிவுக்கு ஓரளவு இணங்கும். தண்ணீர் இறங்கும் ஜாலி நடுவில் இருந்தால் நான்கு பக்கமும் சரிவு வேண்டும். இரண்டடி டைல்ஸைக் குறுக்கே வெட்டாமல் அது நடக்காது. பெரிய டைல்ஸ்தான் வேண்டுமென்றால் ஜாலியைச் சுவரோரம் தள்ளி, ஒரே பக்கமாக வாட்டம் கொடுக்கலாம். மூலைவாட்டில் ஒட்டினால் வெட்டு அதிகம். நேர் அடுக்குக்கு நூற்றுக்கு ஐந்து கூடுதலாக வாங்குவது போய், பத்துக்கு மேல் வாங்க வேண்டிவரும்.

சுவரில் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. இரண்டடிக்கு ஓரடி டைல்ஸைப் படுக்கையாக வைத்தால் அறை அகலமாகவும், நிற்கவைத்தால் உயரமாகவும் தோன்றும். செங்கல் கட்டு போல மாற்றி அடுக்க விரும்பினால் பாதிக்குப் பாதி தள்ள வேண்டாம். நீள டைல்ஸில் நடுப்பகுதி லேசாகப் புடைத்திருக்கும். அதன் பக்கத்தில் அடுத்ததன் முனை வந்தால் மேடுபள்ளம் தெரியும். மூன்றில் ஒரு பங்கு தள்ளினால் போதும். தள்ளாமல் நேராக அடுக்குவதானால், தரைக்கு ஓரடி, சுவருக்கு இரண்டடி என்று எடுத்து ஒரே கோட்டிலிருந்து தொடங்கினால், சுவரின் ஜாயிண்டும் தரையின் ஜாயிண்டும் ஒரே கோட்டில் இறங்கும்.

நிறத்தைத் தேர்வு செய்யும்போது தண்ணீரையும் பார்க்க வேண்டும். போர் தண்ணீரில் உப்பு அதிகமுள்ள வீட்டில், பளபளக்கும் கறுப்பு டைல்ஸில் வெள்ளைத் திட்டுகள் எடுப்பாகத் தெரியும். வெளிர் நிற மேட் டைல்ஸ் அதை மறைக்கும்.

ஆகவே முதலில் ஜாலியின் இடம், பிறகு தரை, அதற்குப் பிறகே சுவர். டிசைன் அட்டையைக் கடைசியாகப் புரட்டினால் போதும்.