முட்டை ஓட்டை நாம் உடைக்கலாமா?

இடர்ப்படும் உயிருக்கு உதவ வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயின் எந்த வேளையில், எந்த அளவுக்கு என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வருகிறது. இவ்வினாவைப் பெரிய பெரிய உதாரணங்களைக் கொண்டு விளக்குவது வழக்கம். நான் இங்கே ஒரு வாத்து முட்டையை எடுத்துக்கொள்கிறேன். பொருள் சிறிதென்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். முட்டைக்குள் ஓர் உயிர் வெளிவர முயன்றுகொண்டிருக்க, வெளியே ஒரு குடும்பமே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் நிலை இன்று வீடுகளில் நேர்கிறது. அவசரப்பட்டாலும் அந்த உயிர் போகும். அசட்டையாக இருந்தாலும் போகும்.

வீட்டு வாத்துகளுள் பல, முட்டையிட்டதோடு தம் வேலை முடிந்தது என்று நடந்துவிடுபவை. மனிதன் முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்ததால் அடைகாக்கும் குணம் அவற்றில் குன்றிவிட்டது. ஆகவே நம் வீட்டு மூத்த பெண்மணிகள் வாத்து முட்டையை அடைக்கோழியின் கீழ் வைத்தனர். கோழிக்கு 21 நாள் கணக்கு. வாத்துக்கு 28 நாள். தன் கணக்குக்கு மேலும் ஒரு வாரம் அந்தக் கோழி பொறுமையோடு அமர்ந்திருக்கும். பிறகு தன் பிள்ளைகள் குளத்தில் இறங்கக் கண்டு கரையில் நின்று பதறும். இன்று அந்தக் கோழியின் இடத்தில் ஒரு தெர்மோகோல் பெட்டியும், ஒரு மின்விளக்கும், சிறு விசிறியும், 37.5 பாகை செல்சியஸ் என்று காட்டும் கருவியும் வந்திருக்கின்றன. தாயில்லாப் பொரிப்பு ஒன்றும் புதிதன்று. பக்தாதின் மருத்துவ அறிஞர் அப்துல் லத்தீஃப் (1162–1231), 1200ஆம் ஆண்டையொட்டி எகிப்தில் தங்கியிருந்த காலத்தில், சாணச் சூட்டில் கோழிக்குஞ்சுகளைப் பொரிக்கவைக்கும் முறையைக் கண்டு தம் ‘அல் இஃபாதா வல் இஃதிபார்’ என்னும் நூலில் விவரித்துள்ளார். வெப்பமானி இல்லாத அந்நாட்டுத் தொழிலாளர் முட்டையைக் கண்ணிமையில் வைத்தே சூட்டை அளந்தனர்.

இனி, முட்டைக்குள் நடப்பதைச் சற்றே நின்று பார்ப்போம். கடைசி நாள்கள் வரை குஞ்சு நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஓட்டின் உட்புறம் முழுதும் படர்ந்த ஒரு சவ்வில் இரத்த நாளங்கள் வலைபோல் ஓடுகின்றன. ஓட்டின் நுண்துளைகள் வழியே வரும் காற்றை அவையே வாங்கித் தருகின்றன. முட்டையின் அகன்ற முனையில் ஒரு காற்றறை உண்டு. வேளை வந்ததும் குஞ்சு தன் அலகால் காற்றறையின் சவ்வைக் கிழித்து முதல் மூச்சை இழுக்கிறது. அந்தச் சிறு அறையின் காற்று போதாமற் போகவே, கழுத்துத் தசை துடிதுடித்து, அலகின் நுனியிலுள்ள முட்டைப்பல் ஓட்டைக் குத்திப் பிளக்கிறது. வெளியே ஒரு விரிசல் தெரிகிறது. உள்ளிருந்து கீச்சொலியும் கேட்கிறது.

வீட்டார் ஏமாறும் இடம் இதுதான். விரிசல் கண்டதும் குஞ்சு சிறிது நேரத்தில் வெளிவந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். வாத்துக்குஞ்சோ விரிசலிட்ட பிறகு ஒரு பகலும் ஓர் இரவும், சிலபோது இரண்டு நாளளவும், அசைவற்றதுபோல் கிடக்கிறது. அது சோர்வன்று. அந்த நேரத்தில் சவ்வின் நாளங்களிலுள்ள இரத்தம் உடலுக்குள் திரும்புகிறது. வெளியே தொங்கும் மஞ்சள் கருப்பை தொப்புள் வழியே வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. பிறந்த பின் ஓரிரு நாள் தீனியின்றித் தாக்குப்பிடிக்கும் கட்டுச்சோறு அந்த மஞ்சள் கருவே. இவையெல்லாம் முடிந்த பிறகே குஞ்சு உள்ளே சுழன்று, ஓட்டை வட்டமாக வெட்டி, மூடியை உதைத்துத் தள்ளுகிறது.

இதை அறியாமல் ஓட்டை உரித்தவர் காண்பது இரத்தம். கிழிந்த நாளத்திலிருந்து கசியும் சில சொட்டுகள் நமக்குச் சிறிது. அந்த உடலுக்கு அது பேரிழப்பு. இரக்கமே அங்கே கொலைக் கருவியாகிறது.

இந்த இடத்தில் மறுதரப்பார் எழுந்து நிற்கின்றனர். ‘தானாக வெளிவர முடியாதது வாழத் தகுதியற்றது; விட்டுவிடுங்கள்’ என்பது அவர்கள் தீர்ப்பு. கூட்டுப்புழுவின் கூட்டை ஒருவர் இரங்கிக் கத்தரித்துவிட, அதனுள் இருந்த வண்ணத்துப்பூச்சி பறக்கவே இயலாது போயிற்று என்னும் கதையையும் துணைக்கு அழைப்பார்கள். அக்கதையை நானும் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். ஏழை மாணவனுக்குக் கட்டணம் கட்ட மனம் வராதவர்கள் அதை மிகுந்த சுவையோடு சொல்வதையும் கண்டிருக்கிறேன்! போராட்டம் வலிமை தரும் என்று உபதேசிப்பவர், அந்தப் போராட்டத்தை ஏற்படுத்தியவர் யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டாமா?

பெட்டியில் ஈரப்பதம் குறைந்தால் உட்சவ்வு உலர்ந்து, தோல்போல் இறுகி, குஞ்சைச் சுற்றி ஒட்டிக்கொள்கிறது. பிறகு அதனால் சுழல முடியாது. முட்டையின் குறுகிய முனை மேலிருக்குமாறு அடுக்கிவைத்தால் தலை தவறான பக்கம் திரும்பிக் காற்றறையை எட்டாமற் போகக்கூடும். சூடு ஏறி இறங்கினாலும் இடர்தான். இவற்றுள் எதனைக் குஞ்சின் தகுதிக்குறைவு என்பது? முட்டையைத் தாயிடமிருந்து எடுத்து, நாமே ஒரு பெட்டி செய்து, நாமே அதில் நீரூற்ற மறந்துவிட்டு, முடிவை மட்டும் இயற்கையின் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. நம் வசமுள்ள பிராணிக்குத் தீனியும் நீரும் தருவது உடையவர் மீது கடமை என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. அடைக்கு வைத்த முட்டையில் உயிர் துடிக்கத் தொடங்கியதும் அதுவும் நம்மிடம் ஓர் அமானிதமே என்பது என் கருத்து. வாத்துப் பண்ணை நடத்துபவர், பலவீனம் வழிவழியாகப் பரவுமே என்று அஞ்சுவதில் நியாயம் உண்டு. கைகொடுத்துப் பிழைத்ததை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளாமல் இருந்தால் அவ்வச்சம் தீரும். அதற்காக அதைச் சாகவிட வேண்டியதில்லை.

‘அப்படியானால் எப்போதுதான் தொடுவது, ஹஜ்ரத்? பிள்ளைகள் அழுகிறார்களே!’ என்று என் மாணவர் ஒருவரின் உம்மா கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். அரபி அகராதிகளில் முட்டையின் உறைக்கு இரு சொற்கள் உள்ளன. வெளியிலுள்ள வறண்ட கடின ஓடு ‘கைள்’. அதன் உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு ‘கிர்கிஉ’. பாலைவனத்தில் தீக்கோழி முட்டையைப் பார்த்தவர்கள் பிரித்துப் பெயரிட்ட இவ்விரண்டையும் நாம் ஒன்றாக எண்ணுவதால்தான் தவறுகிறோம். ஓடு பொறுக்கும், சவ்வு பொறுக்காது. விரிசல் கண்டு ஒரு முழு நாளுக்கு மேலாகியும் மாற்றமில்லையென்றால், காற்றறைக்கு மேலுள்ள ஓட்டை மட்டும் சிறிது சிறிதாக அகற்றலாம். வெளிப்படும் சவ்வை வெதுவெதுப்பான நீர் தொட்ட பஞ்சால் நனைத்தால் அது கண்ணாடிபோல் தெளியும். சிவந்த நாளங்கள் தெரிந்தால் வேளை வரவில்லை. கையை எடுத்துவிட வேண்டும். குஞ்சு எதையோ மெல்லுவதுபோல் வாயசைத்துக்கொண்டிருந்தாலும் அப்படியே. மஞ்சள் கரு இன்னும் உள்ளே சென்று முடியவில்லை. நாளங்கள் வற்றி மறைந்திருந்தால் அலகைச் சுற்றியுள்ள சவ்வை விலக்கித் தலையை விடுவிக்கலாம். கீழ்ப்பாதி ஓட்டை அப்போதும் தொடக்கூடாது. தொப்புள் மூடியிராவிட்டால் அங்கேதான் ஆபத்து. கால்களை உதைத்து வெளிவருவதைக் குஞ்சிடமே விட்டுவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு; பலர் நினைத்துப் பார்க்காதது. ஒரு குஞ்சுக்கு உதவப் பெட்டியின் மூடியைத் திறக்குந்தோறும் உள்ளிருக்கும் ஈரக்காற்று வெளியேறுகிறது. அப்போதுதான் விரிசலிட்டிருக்கும் மற்றக் குஞ்சுகளின் சவ்வு உலரத் தொடங்குகிறது. நம் கண் முன் கதறும் ஒன்றுக்கு இரங்கி, ஓசையின்றிக் கிடக்கும் ஐந்துக்குத் தீங்கு செய்துவிடுகிறோம். எடுத்த முட்டையை ஈரத்துணியில் சுற்றி, மூடியை உடனே மூடி, வேலையை வெளியே சூடான இடத்தில் விரைந்து முடிப்பதே முறை. கேட்கும் குரலுக்கு மட்டும் ஓடுகின்ற பழக்கம் நம் தர்ம காரியங்களிலும் உண்டு என்பதை வாசகர்கள் அறிவர்.

எல்லாம் சரியாகச் செய்தும் சில குஞ்சுகள் இறக்கும். பிள்ளைகளிடம் அதை மறைக்க வேண்டியதில்லை. பிழைத்ததைப் பெட்டியிலேயே உலரவிட்டு, மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். முட்டையிலிருந்து வந்த வாத்துக்குஞ்சு முதலில் காணும் அசையும் உருவத்தின் பின்னே செல்லும் இயல்புடையது. இவ்வியல்பை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1973இல் நோபல் பரிசு பெற்றவர். தனியே வளர்ந்தால் அது வீட்டு வாயில் வரை நம் காலடியையே தொடர்ந்து வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நாம் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போன பிறகு அது கத்திக்கொண்டேயிருக்கும். ஆகவே அதற்கு முதல் துணையாக இன்னொரு குஞ்சைச் சேர்த்துவிடுங்கள். தாயின் இறகோடு ஒட்டி வளராத குஞ்சு நீரில் நனைந்து விறைத்துவிடும்; வாத்துதானே என்று வாளியில் விடாதீர்கள். குடிக்க ஆழமில்லாத தட்டில் நீர் வைத்து, நடுவில் சில கூழாங்கற்களைப் போட்டுவைத்தால் முதல் வாரத்துக்கு அது போதும்.