கவாத்து

போலீஸ் மைதானத்தில் நடப்பதற்கும் தோட்டத்தில் கிளை கழிப்பதற்கும் தமிழில் கவாத்து என்ற ஒரே சொல் வழங்குகிறது. மல்லிகையையும் தேயிலையையும் கவாத்து செய்பவனுக்குப் பூவோ கொழுந்தோ வேண்டும். அவன் அதை மறைப்பதில்லை. வீட்டுக்குள் தொட்டியில் வளர்ந்த ரப்பர் செடி கூரையைத் தொட்டதும் கத்தரியை எடுப்பவனின் விஷயம் வேறு. செடியிடமிருந்து அவனுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

வடகிழக்குக் காடுகளில் இது 100 அடி உயரும் மரம். மேகாலயாவில் காசி மக்கள் இதன் விழுதுகளை ஓடைக்குக் குறுக்கே செலுத்தி, பல வருஷங்கள் காத்திருந்து, பாலமாக்கிக்கொள்கிறார்கள். அதுவும் மனிதத் தேவைதான். ஆனால் வளர்ச்சியை நம்பிய தேவை. 10 அடிக் கூரையைப் போட்டுவிட்டு நாமோ, செடி அளவுமீறி வளர்ந்துவிட்டது என்கிறோம்.

நுனிமொட்டிலிருந்து கீழிறங்கும் ஆக்ஸின் பக்கமொட்டுகளை அடக்கிவைக்கிறது. 1930களில் திமானும் ஸ்கூகும் அவரையினச் செடியொன்றின் நுனியை நீக்கி, வெட்டுவாயில் ஆக்ஸினை வைத்துப் பார்த்தார்கள். பக்கமொட்டுகள் அடங்கியே கிடந்தன. சர்க்கரைக்கும் வேறு ஹார்மோன்களுக்கும் இதில் பங்குண்டு என்பது பின்னால் தெரியவந்தது. எப்படியாயினும், கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் பால் வடிந்து நிற்கும். சில வாரங்களில் கீழ்க் கணுக்களில் துளிர் வரும்.

இந்தத் துளிரில்தான் அபாயம் இருக்கிறது. செடியின் நன்மைக்காகவே வெட்டினேன் என்று அதைக் காட்டிச் சொல்லிவிடலாம். துளிர் நிஜம்; சொல்லும் காரணம் பொய். வெட்டும்போது மனதில் இருந்தது கூரை.

செடிக்கு வலிக்குமா என்று கேட்டு இதைத் தீர்க்க முடியாது. கேள்வி வெட்டுகிறவனைப் பற்றியது. பக்கம் போதாமல் கவிதையின் கடைசி எட்டு வரிகளை நீக்கிய சிறுபத்திரிகை ஆசிரியர், கவிதை இப்போது இறுகியிருக்கிறது என்று கவிஞனுக்கு எழுதுகிறார். இறுகியும் இருக்கலாம். பணமில்லாமல் மகனின் படிப்பை நிறுத்தும் தகப்பனார், உனக்கு வியாபாரம்தான் ஒத்துவரும் என்கிறார். மகன் வியாபாரத்தில் செழிக்கவும் கூடும். பின்னால் வந்த லாபம் முன்தேதியிட்டு நோக்கத்தின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. வெட்டுப்பட்டவனோ வருத்தப்படும் பாத்தியதையையும் இழந்து, நன்றி சொல்லக் கடமைப்படுகிறான். கூரையை உயர்த்தியிருக்க முடியுமா என்ற கேள்வியும் அத்துடன் அடைபட்டுப்போகிறது.

வெட்டவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு செடிக்காகக் கூரையைப் பிரிக்க எவரும் தயாராக இல்லை. வெட்டலாம். கூரை தாழ்வு என்று சொல்லிவிட்டு வெட்டலாம்.