கிராமம் என்றால் யார்?

சரண் சிங் என்றதும் க்விஸ் கேள்விதான் பலருக்கு ஞாபகம் வரும். நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே போன பிரதமர் யார்? 1979 ஜூலையில் பதவியேற்று, ஆகஸ்டிலேயே ராஜினாமா செய்தார். பாவம், அதற்கு முன்னால் அவர் செய்ததெல்லாம் இந்த ஒரு வரியில் காணாமல் போய்விட்டது.

மேற்கு உத்தரப்பிரதேசத்தில் சிறு விவசாயி வீட்டுப் பிள்ளை. வக்கீல். 1930 உப்பு சத்தியாக்கிரகத்தில் ஜெயிலுக்குப் போனார். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த மாநிலத்தின் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த முக்கியமான மூளை இவருடையது. 1952ல் அது அமலுக்கு வந்தது. மறு வருடம் பட்வாரிகள், அதாவது கிராமக் கணக்குப்பிள்ளைகள், ஆயிரக்கணக்கில் ராஜினாமாக் கடிதம் கொடுத்து மிரட்டிப் பார்த்தார்கள். மந்திரி சரண் சிங், 'சரி, போங்க' என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்! வேறு பெயரில் புது ஆட்கள் வந்தார்கள்.

1959ல் நாக்பூர் காங்கிரஸ். நிலத்தையெல்லாம் சேர்த்துக் கூட்டுப் பண்ணை நடத்தலாம் என்று தீர்மானம். நேருவுக்குப் பிடித்த யோசனை. நேருவை வைத்துக்கொண்டே எழுந்து எதிர்த்தார் இவர். சொந்த வயல் என்றால்தான் மனுஷன் விடியும் முன்னே எழுந்து போவான் என்பது அவர் கட்சி. எனக்கு இதில் மறுப்பில்லை.

ஆனால் சொந்த வயலே இல்லாதவன்? ஜமீன்தார் போனதில் குத்தகைக்காரர்களுக்கு உரிமை வந்தது. அதே ஊரில் கூலிக்குக் கரும்பு வெட்டியவர்களுக்கு, அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், பெரிதாக எதுவும் வரவில்லை. சரண் சிங்கின் பதில் கணக்கு: எல்லோருக்கும் பிரித்தால் ஆளுக்குக் கையகல நிலம்கூடத் தேறாது, மிச்சப்பேருக்குக் குடிசைத் தொழில்தான் வழி. கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் பசிக்கிறவனிடம் போய்க் கணக்கு சொல்ல ஒரு மாதிரியான தைரியம் வேண்டும். அம்பேத்கர் 1948ல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை விளாசித் தள்ளியது நினைவிருக்கலாம். ஒருவர் வரப்பின் மேல் நின்று பார்த்த ஊரை, இன்னொருவர் சேரிப் பக்கமிருந்து பார்த்தார்.

சாதி கண்ணில் படாத ஆளில்லை சரண் சிங். 1954ல் நேருவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கெஜட்டட் உத்தியோகம் வேண்டுமா, சாதி விட்டுச் சாதி கல்யாணம் செய்துகொண்டு வா என்று சட்டம் போடச் சொல்லி! கல்யாணத்தில் கட்டாயம் கூடாது என்று நேரு மறுத்துவிட்டார். ஆபீஸ் நாற்காலியில் சாதியை உடைக்க இவ்வளவு துணிந்தவருக்கு, வயல் வரப்பில் மட்டும் ஏன் அது தோன்றவில்லை?